ரத்த ஜாமீன்

அக்கா, அந்த ஆளுக்குத் தலையை ஆட்டாதீங்க. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை, பார்த்தால் வக்கீல் குமாஸ்தா மாதிரி இருப்பார். கிடையாது. வாடகைக்கு ஜாமீன் ஆள் பிடித்துக் கொடுப்பவர். யாரோ ஒருத்தரைக் கூட்டிவந்து, இவர் உங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன் என்று நிறுத்துவார். உள்ளே இருக்கிற கிளார்க் அம்மாவுக்கு அந்த முகங்கள் எல்லாம் மனப்பாடம். மாட்டினால் உங்கள் மேலும் ஒரு கேஸ். இப்படி உட்காருங்க. பெஞ்சு வேண்டாம், ஒரு கால் ஆடும். படியில் உட்காருங்க.

உங்க வீட்டுக்காரர்தானே உள்ளே? ரேஷன் கார்டை இப்படி இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. குடிச்சுட்டு வண்டியா? வெறும் குடிச்சுட்டு வண்டி என்றால் ஸ்டேஷனோடு முடிந்திருக்குமே. ஊதச் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள், வண்டியைப் பிடுங்கி நிறுத்திக்கொள்வார்கள், சொந்தக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் ஆளை விட்டுவிடுவார்கள். அபராதம் அப்புறம் கோர்ட்டில். என்ன, ஏட்டய்யா சட்டையைப் பிடித்தாரா? போச்சு. அப்போ எங்க கேஸ்தான் உங்க கேஸும். அரசாங்க ஆளை வேலை செய்யவிடாமல் தடுத்தது. அதற்கு ஸ்டேஷனில் ஜாமீன் கிடையாது. ஜெயில், அப்புறம் கோர்ட், அப்புறம் இந்தப் படி.

ஆர்டர் வாங்கிட்டீங்களா? காட்டுங்க. இங்கிலீஷ்தான், நான் படிக்கிறேன். இந்த வரியைப் பாருங்க. இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும், அதில் ஒருத்தர் ரத்த உறவாக இருக்க வேண்டும். நீங்க ரத்தம் இல்லை அக்கா. சம்சாரம் ரத்தத்தில் சேராது. என்னை முறைக்காதீங்க, நான் சொல்லவில்லை, கோர்ட் சொல்கிறது. இரண்டாவது ஆளாக நீங்க போடலாம். முதல் ஆள் அவர் அண்ணனோ தம்பியோ, பெற்றவர்களோ, பெற்றதோ. இருக்கிறார்களா? யோசிங்க.

எனக்குப் பதினெட்டு வயசு. பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டேன். இன்றைக்கு எங்க பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பரீட்சை. பாடம் எதுவும் ஞாபகம் இல்லை, இந்தக் கோர்ட்டில் எந்தச் சன்னலில் எந்தக் காகிதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் பேரைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது. கேட்டுக்குங்க, உங்களுக்கு உதவும்.

எங்க அப்பா பேர் நாச்சிமுத்து. குட்டியானை வண்டி ஓட்டுகிறார், பனியன் கம்பெனிக்கு நூல் மூட்டை ஏற்றுவார். தை மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. சந்தைப்பேட்டை வளைவில் சைக்கிளில் போன ஒரு வாட்ச்மேன் மேல் வண்டி ஏறிவிட்டது. அர்த்தநாரி என்று பேர். கால்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை. கால்தான். எஸ்.ஐ. மகுடபதி வந்து ஊதுகிற மெஷினை வாயருகே நீட்டியிருக்கிறார். அப்பா தட்டிவிட்டார். கை எஸ்.ஐ. மூக்கில் பட்டுவிட்டது. அடிக்கவில்லை, பட்டுவிட்டது என்றுதான் அப்பா சொன்னார். மூக்கில் ரத்தமாம். சளி பிடித்தால்கூட மூக்கில் ரத்தம் வரும். அதற்கு இவ்வளவு பெரிய பிரிவு.

அன்றைக்கே மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, பதினைந்து நாள் ரிமாண்டு. கிளைச்சிறை. நான் மறுநாள் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வக்கீல் வீட்டுக்குப் போனேன். என்னிடம் கிழியாத உடுப்பு அது ஒன்றுதான். அதுவும் இல்லாமல், யூனிஃபார்ம் போட்ட பிள்ளையை எந்த ஆபீசிலும் உட்காரச் சொல்வார்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சொன்னால் வயிறு எரிகிறது. அப்பா வீட்டில் இருக்கும்போது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். கதவுப் பக்கம் ஒரு கண் இருக்கும். அவர் ஜெயிலுக்குப் போன அன்றைக்கே எட்டு மணிக்குக் கதவைத் தாழ் போட்டு, பாய் விரித்து, கால் நீட்டித் தூங்கினாள். குறட்டை வேறு. எனக்கு அம்மா குறட்டை விடுவாள் என்பதே அதுவரைக்கும் தெரியாது. மூன்றாம் நாள் பருப்பு வடை சுட்டாள். புருஷன் ஜெயிலில், இவளுக்கு வடை. கேட்டேன்.

"உனக்கு வேணுமா வேண்டாமா, அதச் சொல்லு" என்றாள்.

அது போதாதென்று காலையில் தூக்குப்போசியில் ரசச்சோறு எடுத்துக்கொண்டு எங்கேயோ போவாள். ஜெயிலுக்கு என்று நினைத்தேன். ஜெயிலில் வெளிச் சோறு வாங்கமாட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பின்னாடியே போய்ப் பார்த்தால், பெரியாஸ்பத்திரியில் அந்த அர்த்தநாரிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். எங்க மேல் கேஸ் கொடுத்த ஆளுக்கு. நான் வார்டுக்குள் போகவில்லை. கதவோடு திரும்பிவிட்டேன்.

ஜெயிலில் மனு எழுதிப் போட்டால்தான் ஆளைப் பார்க்கலாம். நான்காம் நாள் போட்டேன். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் அப்பா. கை நடுக்கம் நிற்கவில்லை, கம்பி வலையைப் பிடித்தார், வலையே ஆடியது. உதடெல்லாம் வெடித்திருந்தது.

"கண்ணு, என்னைய வெளிய எடுத்துரு. உங்கம்மா எடுக்கமாட்டா. நீதான் எடுக்கோணும். செத்துப்போயிருவேன் கண்ணு."

எடுக்கிறேன் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அக்கா இத்தனையும். வேறு ஒன்றும் இல்லை. எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் மறுபடி போனேன். பயந்துவிட்டேன். கை ஆடவில்லை. சத்தம் போடவில்லை. முகம் கழுவி, தலை வாரி, நேராக நின்றார். "சாப்பிட்டயா" என்று கேட்டார். "நீ இப்ப எத்தனாவது படிக்கிற, பதினொண்ணா பன்னெண்டா" என்று கேட்டார். எங்க அப்பா அதை என்னிடம் கேட்டதே இல்லை. உள்ளே அடித்திருக்கிறார்கள், அடித்து ஆளையே மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்து காவலருடன் சண்டை போட்டேன். எங்க அப்பாவை என்ன செய்தீங்க என்று. அவர் சிரித்தார். "ஒண்ணும் செய்யலம்மா. சோறு போட்டோம்" என்றார். இவர்களுக்கெல்லாம் சிரிப்பு.

முதல் மனு தள்ளுபடி. காலொடிந்தவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அரசு வக்கீல் எழுந்து சொன்னார், முடிந்தது. மறுபடி ரிமாண்டை நீட்டினார்கள். இரண்டாம் மனுவில்தான் கிடைத்தது. இரண்டு ஜாமீன், ஒன்று ரத்தம், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. எங்க வக்கீல் குழந்தைவேலு அம்மாவைக் கூப்பிட்டு, "வீடு உங்க பேர்ல இருக்குது, நீங்க ஒரு ஜாமீன். ஆனா நீங்க ரத்தமில்லீங்க, அதுக்கு வேற ஆள் வேணும்" என்றார்.

அம்மா சிரித்தாள் அக்கா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வக்கீல் முன்னால் சிரித்தாள்.

"கல்யாணமாயி இருவது வருசமாச்சுங்க. இதெ மொதல்லயே ஆராச்சும் எழுதிக் குடுத்திருக்கலாம்" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. வக்கீல் மேசைமேல் இருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து, வீட்டுவரி ரசீது வேண்டும். அம்மா காணோம் என்றாள். எலி இழுத்துப் போயிருக்கும் என்றாள். இரண்டு நாள் தேடினேன். அரிசி டிரம்மில், அரிசிக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தாள். எலி கவரில் சுற்றுமா? கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே, "இன்னும் நாலு நாள் இருக்கட்டுமேடி" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நாலே நாளு" என்றாள். நான் அன்றைக்குப் பேசின பேச்சை இங்கே சொல்லமாட்டேன். அம்மா மறுநாள் சேலை மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தாள்.

ரத்தத்துக்குச் சித்தப்பா. சென்னியப்பன் என்று பேர், அப்பாவின் கூடப் பிறந்த தம்பி, தறிக்குடோன் வைத்திருக்கிறார். போய் நின்றால் தறிச் சத்தத்தில் காது கேட்காத மாதிரி நடித்தார். நான் தறி ஸ்விட்சை அணைத்துவிட்டேன். எட்டுத் தறியும் நின்றது.

"உனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு பாப்பா" என்றார்.

"கையெழுத்துத்தான கேக்கறேன் சித்தப்பா. உங்க சொத்தவா கேக்கறேன்."

"உங்கப்பனுக்கு இது மூணாவது கையெழுத்து. மொதல் ரெண்டு உனக்குத் தெரியாது. நீ அப்ப கைக்கொழந்த." தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒருக்கா கையெழுத்துப் போட்டா அவன் ஒழுங்கா வர்றானா வர்றானான்னு நாமதான் ஜெயில்ல இருக்கோணும்."

கூடப் பிறந்தவர் பேசுகிற பேச்சா? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சித்தி டீ கொண்டுவந்து கொடுத்தாள், குடிக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வருகிறேன் என்றார்.

மறுநாள் இதோ இந்த வராந்தாதான். சித்தப்பா ஆதார், அம்மா ஆதார், ரசீது, ரேஷன் கார்டு, போட்டோ, எல்லாம் சரியாக அடுக்கிக் கொடுத்தேன். கிளார்க் அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீங்க குற்றவாளிக்குக் கூடப்பிறந்த தம்பியா?"

"ஆமாங்க."

"உங்கப்பா பேரு?"

"காளியண்ணனுங்க."

"அவருக்கு அப்பா பேரு தங்கமணின்னு இருக்குதே."

எஃப்.ஐ.ஆரில் அப்படித்தான் இருந்தது. நாச்சிமுத்து, தகப்பன் பெயர் தங்கமணி. பதினெட்டு நாளாக வக்கீல் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஜெயில் ரிஜிஸ்டரிலும் அதுதான், ஆர்டரிலும் அதுதான்.

வராந்தாவில் ஒருத்தன் சத்தமாகச் சொன்னான், "அண்ணன் தம்பிதான், அப்பன் மட்டும் வேற வேற." எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா முகம் கறுத்துவிட்டது. "தங்கமணி எங்கம்மா பேருங்க" என்றார். கிளார்க் அம்மா, "அம்மா பேர எதுக்குங்க அப்பா பேர் எழுதற எடத்துல சொன்னாரு" என்றார். மறுபடி சிரிப்பு. சித்தப்பா ஆதாரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"செத்துப்போன எங்கம்மாளையும் கோர்ட்டுக்கு இழுத்துட்டான். என்னால ஆகாது பாப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. கிளார்க் அம்மாவிடம் சொன்னேன், "நான் போடறேங்க ஜாமீன். எனக்குப் பதினெட்டு முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. நான் அவரோட மக. ரத்தம்." வக்கீல் வாயைப் பிளந்தார். யூனிஃபார்மைப் பார்த்து அவர் என் வயசைக் கேட்கவே இல்லை.

கிளார்க் அம்மா என் ஆதாரை வாங்கிப் படித்தார். தங்கமணி, தகப்பன் பெயர் நாச்சிமுத்து. எங்க பக்கம் அந்தப் பேர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. செத்துப்போன அப்பத்தா பேரை எனக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கிழவி என்றுதான் கூப்பிடுவார்கள். கிளார்க் அம்மா எஃப்.ஐ.ஆரைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெக்கார்டுப்படி பாத்தா நீதாம்மா அவருக்கு அப்பன்" என்றார்.

இந்தத் தடவை சிரிப்பு கேட்டில் நிற்கிற டீக்கடை வரைக்கும் போயிருக்கும். நான் சிரிக்கவில்லை. ஏன் தெரியுமா? நிதானம் இல்லாமல் கிடக்கிறார், பேர் கேட்கிறார்கள், ஊர் கேட்கிறார்கள், அப்பா பேர் கேட்கிறார்கள், அந்த நேரத்தில் அவர் வாயில் என் பேர் வந்திருக்கிறது. என் பேர்தான் அது. அம்மா, "அவங்கம்மாளக் கூப்பிட்டிருப்பாரு" என்றாள். இல்லை. என் பேர்.

மாஜிஸ்திரேட் என்னை உள்ளே கூப்பிட்டார். நீதான் ஜாமீனா, படிக்கிற பிள்ளைதானே, கையெழுத்துப் போட்டால் என்ன பொறுப்பு என்று தெரியுமா, அவர் வராவிட்டால் உன்னைத்தான் கேட்போம், தெரியுமா என்றார். எல்லாவற்றுக்கும் தெரியும் தெரியும் என்றேன். பேர் தப்பு என்று ஸ்டேஷனிலிருந்து கடிதம் வாங்கிவந்தால் இன்றைக்கே ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். எஸ்.ஐ. மகுடபதி மூக்குமேல் இன்னும் பிளாஸ்திரி. என்னைக் காக்க வைத்தார். ஐந்து நிமிஷம் காக்க வைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மூணு தடவ கேட்டேன். தங்கமணி தங்கமணின்னு அழுதாரு. நான் எழுதிட்டேன்" என்றார். கடிதம் டைப் ஆகும்போது, "அந்த வாட்ச்மேனப் போய்ப் பாத்தியா" என்று கேட்டார்.

"நான் லெட்டருக்கு வந்திருக்கேன் சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார். அதையும் ஏதோ பெரிய உபகாரம் மாதிரி கொடுத்தார். அவர்தானே தப்பாக எழுதினார்?

நேரம் முக்கியம் அக்கா, இதை மனசில் வச்சுக்குங்க. கோர்ட் ஜாமீனை ஏற்றுக்கொண்டாலும் ஆள் வெளியே வரமாட்டார். விடுதலை ஆர்டர் எழுதி, சீல் வைத்து, அது ஜெயில் கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறு மணிக்கு ஆளை எண்ணிப் பூட்டிவிட்டால் அப்புறம் யார் ஆர்டர் கொண்டுவந்தாலும் காலையில்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் விட்டுவிட்டீங்க என்றால் கோர்ட் திறக்கத் திங்கள்கிழமை. எங்களுக்கு ஐந்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தே முக்காலுக்குச் சின்னக் கதவு திறந்தது. அப்பா மஞ்சப்பையோடு வந்தார். நல்லா இருந்தார் அக்கா. பொய் சொல்லமாட்டேன், கன்னத்தில் சதை போட்டிருந்தது. என் தலையைத் தடவினார். அழுதார். சாமி சத்தியமாக இனிமேல் தொடமாட்டேன் என்றார்.

பஸ்ஸில் கேட்டேன். "ஸ்டேஷன்ல எம்பேரச் சொன்னீங்களாப்பா?"

"எந்த ஸ்டேஷன்ல?" என்றார். "எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல கண்ணு." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம், நம்ம ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கிக்கலாமா, ஒருத்தரைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த ஸ்டாப்பில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு இறங்கவில்லை.

ஒன்பது நாள் கையெழுத்துப் போட்டார். தினமும் நான் கூடப் போனேன். தனியாக விட்டால் வழி மாறிவிடுமே. செய்முறைத் தேர்வு பத்தரைக்கு, கையெழுத்தும் பத்தரைக்கு. எதற்குப் போவது? டீச்சர் வீட்டுக்கே வந்தார். "அப்பாவை அம்மா கூட்டிப்போகட்டுமே" என்றார். அம்மா ஜாமீன் இல்லையா, அவளும்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்றார். அம்மா ரத்தம் இல்லை என்றேன். டீச்சருக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடம் போவதை அன்றோடு விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. நானாகத்தான்.

பத்தாம் நாள் காலையிலேயே ஏற்றியிருந்தார். முந்தின நாளே வாங்கி எங்கேயோ ஒளித்திருக்கிறார். பக்கத்து வீட்டு மொபெட்டைக் கேட்டு வாங்கிவிட்டார். வேண்டாம் என்றேன், ஏறு என்றார், நேரமாகிவிட்டது, ஏறினேன். ஸ்டேஷன் வாசலில் எஸ்.ஐ. நின்றுகொண்டிருந்தார். வாடை அவருக்கு எட்டாமல் இருக்குமா?

"யார் வண்டி ஓட்டிட்டு வந்தது?"

அப்பா யோசிக்கவே இல்லை அக்கா. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பாப்பாதாங்க ஓட்டிட்டு வந்தா" என்றார்.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். எனக்கு லைசென்சு கிடையாது. ஆமாங்க, நான்தான் என்றேன். மெஷினை எடுத்துவரச் சொன்னார். என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். ஒன்றும் காட்டவில்லை. அவர் அந்த மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்தார். "போறப்பவும் நீயேதான் ஓட்டோணும்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு ஓட்டத் தெரியாது, தள்ளிக்கொண்டு போனேன்.

தெரு முனை திரும்பினதும் அப்பா சாவியைப் பிடுங்கினார். சிரிக்கிறார். "நல்லாச் சமாளிச்ச" என்கிறார். தொடக்கப்பள்ளி வாசலில் பிள்ளைகள் வரிசையாக ரோட்டைக் கடக்கிறார்கள், ஒன்றாவது, இரண்டாவது. அவர் பிரேக் பிடிக்கவில்லை. நான் பின்னாலிருந்து ஹாண்டிலைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சாக்கடை ஓரமாக விழுந்தோம். பாருங்க, முழங்கை இன்னும் ஆறவில்லை. ஒரு பொம்பளைப்பிள்ளை, தண்ணி பாட்டிலை மட்டும் போட்டுவிட்டு ஓடிவிட்டது. அதன்மேல்தான் சக்கரம் ஏறியிருந்தது. பாட்டில்மேல்.

கூட்டம் சேர்ந்தது. யார்ரா ஓட்டினது என்று ஒருத்தர் அப்பா சட்டையைப் பிடித்தார். அப்பா என் பக்கம் கையை நீட்டினார்.

"இவதான். தங்கமணி. எம்மக. இவதான் ஓட்டுனது."

நிதானமாகச் சொன்னார். என் முழுப் பேரையும் தெளிவாகச் சொன்னார். அந்த ஆள் என்னை அறைந்தார். வாத்தியாரம்மா ஒருத்தர் வந்து தடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். வெளியே வந்தால் இப்படித்தான் செய்வார் என்று உனக்குத் தெரியும்தானே, சித்தப்பாவுக்குத் தெரியும்தானே, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருத்தராவது வாயைத் திறந்து சொன்னீங்களா என்று. அம்மா மஞ்சளை அரைத்து என் முழங்கையில் பூசினாள். "சொன்னா நீ கேட்டிருப்பியா" என்றாள். கேட்டிருக்கமாட்டேன். அது வேறு விஷயம். சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? நாலு நாள் நாலு நாள் என்று முனகினால் யாருக்குப் புரியும்? எனக்கு அவள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. அவள் இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அந்த மனுஷனுக்குக் கம்பி வைத்திருக்கிறார்களாம், வாட்ச்மேன் வேலை போய்விட்டதாம். நான் போகவில்லை. போய் என்ன சொல்வது?

இது உங்களுக்கு யாரும் சொல்லித் தரமாட்டார்கள் அக்கா, அந்த வெள்ளைச் சட்டை சொல்லவே மாட்டார். ஜாமீன் போட்டவர் எப்போது வேண்டுமானாலும் வந்து, இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் ஆளைப் பிடித்துவரச் சொல்வார்கள். வேறு ரத்தம் வந்து கையெழுத்துப் போட்டால் வெளியே. இல்லாவிட்டால் உள்ளே. எங்க வக்கீல் எழுதமாட்டேன் என்றுவிட்டார். "பெத்த அப்பன உள்ள தள்றயாம்மா, ஊர் என்ன பேசும்" என்றார். நானே எழுதினேன். மூன்று வரி. இதுதான் அந்தப் பேப்பர். ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறேன். தமிழில் பிழை இருக்காது, தமிழில் நான் தொண்ணூற்றிரண்டு.

அம்மாவுக்குத் தெரியும். காலையில், "சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவுக்குத் தெரியாது. எழுப்பினேன், கையெழுத்துக்கு நேரமாச்சு என்று. திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இருங்க, என் பேரைக் கூப்பிடுகிறார்கள். நீங்க அந்த ஆர்டரைப் பத்திரமாக வையுங்க, மடிக்காதீங்க, சீல் அழிந்துவிடும். உங்க கொழுந்தனைக் கேட்டுப் பாருங்க, இல்லாவிட்டால் மாமியாரை. அவர்கள் மாட்டேன் என்றால் ஏன் மாட்டேன் என்று உட்கார்ந்து கேளுங்க. என்னை மாதிரி தறியை அணைக்காதீங்க.

உள்ளே என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கிளார்க் அம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். ஆளை நீயே கூட்டிவந்து ஒப்படைக்கிறாயா, இல்லை வாரண்ட் போடவா என்று கேட்பார். வாரண்ட் போடுங்க என்பேன். சீக்கிரம் போடுங்க என்பேன். பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும். அதற்கு முன்னால் போனால் ஆள் வீட்டில்தான் இருப்பார்.